எலிகளின் பீனியல் சுரப்பியும் எமது இரவுகளும்

(கல்லூரியின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த சிறப்புச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்காகச் சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, "என்ன தலைப்பு அக்கா?" என்று கேட்டார். "எலியின் மூளையிலுள்ள ஒரு சின்னச் சுரப்பி" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பள்ளிக்கூட நினைவுகளையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கோ அக்கா" என்றார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் அந்தச் சுரப்பியைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் இந்தக் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்கு வராமல் பேச்சை முடிக்க இயலாது. ஆகவே அவருடைய விருப்பமும் என்னுடைய விருப்பமும் இங்கே ஒன்றுதான்.

1970களின் தொடக்கத்தில் உயர்தர வகுப்பில் எமக்கு விலங்கியல் கற்பித்த ரீச்சரை என் வயதொத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கரப்பானை மெழுகுத் தட்டில் குண்டூசியால் குத்தி வைத்துவிட்டு, புத்தகத்தைத் திறந்து, அதிலுள்ள படத்தை அழகாகக் கொப்பியில் கீறுவோம். ரீச்சர் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார். "இது புத்தகத்தின்ரை கரப்பான். உன்ரை கரப்பான் எங்கை?" என்பார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "படத்தைப் பார்த்து வெட்டாதேங்கோ. வெட்டினதைப் பார்த்துப் படம் கீறுங்கோ" என்பார். நாங்கள் அதை அவருடைய வழமையான ஏச்சு என்று எடுத்துக்கொண்டோம். அந்த வசனத்தின் பெறுமதியை நான் விளங்கிக்கொள்ளப் பத்து ஆண்டுகள் ஆயின.

முதலில் சுரப்பியைச் சொல்லிவிடுகிறேன். மனித மூளையின் நடுக்கோட்டில், இரு பெருமூளை அரைக்கோளங்களுக்கும் கீழே, மூன்றாம் மூளையறையின் பின்புறத்தில் ஒரு சிறிய உறுப்பு இருக்கிறது. நீளம் 5 முதல் 8 மில்லிமீற்றர் வரை. ஏறத்தாழ ஒரு நெல்மணி. பைன் மரத்தின் கூம்பைப் போன்ற வடிவம் என்பதனால் பண்டைய கிரேக்க மருத்துவர்கள் அதற்கு அப்பெயரை இட்டனர். அதிலிருந்து வந்ததுதான் பீனியல் என்ற சொல். தமிழில் கூம்புச் சுரப்பி என்றும் எழுதுகிறோம். மூளையின் பெரும்பாலான பாகங்கள் இடமும் வலமுமாகச் சோடியாக இருக்க, இது நடுவே தனித்து நிற்பதைக் கண்ட பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்காட், ஆன்மாவின் இருப்பிடம் இதுவே என்று 17ஆம் நூற்றாண்டில் எழுதினார். மருத்துவர்கள் அதனை வேறொரு வகையில் அறிந்திருந்தார்கள். வயது செல்லச் செல்ல மனிதரின் பீனியலில் கல்சிய மணிகள் படிகின்றன. அவை மண்டையோட்டின் எக்ஸ்றேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். சீ.ரி. ஸ்கான் வருமுன், அந்தப் புள்ளி நடுக்கோட்டிலிருந்து விலகியிருந்தால் மூளையின் ஒரு பக்கத்தில் கட்டியோ குருதிக்கசிவோ இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள்.

இப்படித்தான் நானும் படித்திருந்தேன். ஆழத்தில், மூளையின் நடுவில், நெல்மணி. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் ஆராய்ச்சி மாணவியாக முதன்முதலில் ஆய்வுகூட வெள்ளை எலியின் தலையைத் திறந்தேன். மண்டையோட்டின் மேல்மூடியைக் கத்தரித்துத் தூக்கி ஒரு பக்கம் வைத்தேன். மூளையை வெளியே எடுத்தேன். அரைக்கோளங்களை விலக்கி, மனிதனில் இருக்கவேண்டிய இடத்தில் தேடினேன். இல்லை. இரண்டாவது எலியிலும் இல்லை. ஆறாவது எலி முடிந்த மாலை, என் குறிப்புப் புத்தகத்தில் "காணப்படவில்லை" என்று எழுதிவிட்டு, மேசையில் கிடந்தவற்றை ஒதுக்கிக் கழுவப் போனேன்.

அப்போதுதான் ரீச்சரின் குரல் காதில் விழுந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் உண்மையில் அந்த வசனம்தான் நினைவுக்கு வந்தது. நான் யாருடைய படத்தைப் பார்த்து வெட்டிக்கொண்டிருக்கிறேன்? ஒதுக்கி வைத்த மண்டையோட்டு மூடிகளை எடுத்து, உட்புறத்தைத் திருப்பி, கைவில்லையால் பார்த்தேன். மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்த மென்சவ்வில், பெரிய நாளக்குடாக்கள் ஒன்றுசேரும் சந்தியில், கடுகிலும் சிறிதாக ஒரு சாம்பல் நிறப் பொட்டு. ஆறு மூடிகளில் நான்கில் அது இருந்தது. எலியின் பீனியல் ஆழத்தில் இல்லை. மண்டையோட்டின் கூரைக்கு நேர் கீழே, சவ்வோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. நான் தேடிய பொருளைத் தேடலின் முதல் நிமிடத்திலேயே என் கையால் பிய்த்து அப்பால் வைத்திருந்தேன். என் அவசரத்தில் ஆறு உயிர்கள் வீணாகின. அதை இன்றுவரை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். மாணவிகளிடம் ஒரு கேள்வி. முயல் கொறிணியா? இல்லை, அது வேறு வருணம். மூஞ்சூறு? அதுவும் இல்லை, அது பூச்சிகளைத் தின்னும் வேறொரு கூட்டம். எலி, சுண்டெலி, பெருச்சாளி, அணில், முள்ளம்பன்றி, கினிப்பன்றி, ஹம்ஸ்ரர் ஆகியன கொறிணிகள். வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் முன்வெட்டும் பற்கள்தான் அவற்றின் அடையாளம். பாலூட்டி இனங்களில் ஐந்தில் இரண்டு பங்கு இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

இந்த ஒரே குடும்பத்துக்குள் பீனியல் எத்தனை விதமாக அமைந்திருக்கிறது என்று பாருங்கள். கரு நிலையில் எல்லாவற்றிலும் தொடக்கம் ஒன்றுதான்: மூன்றாம் மூளையறையின் கூரையிலிருந்து ஒரு சிறு அரும்பு. அதன் பின்னர் வழிகள் பிரிகின்றன. வெள்ளை எலியில் அரும்பின் பெரும்பகுதி மேலும் பின்னுமாக நகர்ந்து மண்டையோட்டின் கீழ் சென்றுவிடுகிறது. பழைய இடத்தில் ஒரு சில கலங்களே எஞ்சுகின்றன. முன்னதை மேலோட்டமான பீனியல் என்றும் பின்னதை ஆழ் பீனியல் என்றும் அழைக்கிறோம். இரண்டையும் நூல் போன்ற ஒரு காம்பு இணைக்கிறது. பொன்னிற ஹம்ஸ்ரரிலும் இதே போன்று மேலும் கீழுமாக இரு பகுதிகள் தெளிவாக உண்டு. கினிப்பன்றியிலோ பிரிவு இல்லை. உள்ளிருந்து மேற்பரப்பை நோக்கி நீண்ட ஒரு கோல் போலக் கிடக்கிறது. மொங்கோலிய ஜேர்பில் என்ற பாலைவன எலியில் இன்னொரு புதுமை. ஆய்வுகூட எலிகளில் அரிதாகவே காணப்படும் கல்சிய மணிகள், மனிதரில் இருப்பதுபோல அதன் பீனியலில் இருக்கின்றன. அதுவும் இளம் வயதிலேயே தொடங்குகின்றன.

ஜேர்மனிய உடற்கூற்றியலாளர் லுட்ஸ் ஃபோல்றாத் 1981இல் வெளியிட்ட பெரும் நூலில், மூளையறைக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு தூரத்தில் சுரப்பி இருக்கிறது என்பதை வைத்து இவற்றை வகைப்படுத்தினார். மனிதன் ஓர் அந்தத்தில், எலி மறு அந்தத்தில், கினிப்பன்றி இரண்டையும் தொட்டுக்கொண்டு. எனக்கு அந்த நூல் ஒரு வருடம் முந்திக் கிடைத்திருந்தால் ஆறு எலிகளும் வீணாகியிரா.

இந்த வேறுபாடு வெறும் படம் கீறுவதற்கான விடயம் என்று எண்ணவேண்டாம். பீனியலின் தொழிலை உலகம் அறிந்ததே எலியிலும் ஹம்ஸ்ரரிலும் அது மேற்பரப்பில் இருந்தமையால்தான். மனிதரில் அதனை எட்டவேண்டுமானால் மூளையின் ஆழத்துக்குச் செல்லவேண்டும். ஹம்ஸ்ரரில் மண்டையோட்டில் ஒரு சிறு துவாரமிட்டு, குருதிப்பெருக்கை அவதானமாகத் தவிர்த்து, சுரப்பியை மட்டும் அகற்றிவிடலாம். விலங்கு தொடர்ந்து நலமாக வாழும். 1965இல் ஹொஃப்மன், றைற்றர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். ஆண் ஹம்ஸ்ரரை நீண்ட இருளில் வைத்தால் அதன் விதைகள் சில வாரங்களில் சுருங்கிவிடுகின்றன. பீனியலை அகற்றிய ஹம்ஸ்ரரில் அப்படிச் சுருங்கவில்லை. அதுவரை பயனற்ற எச்சம் என்று பலர் கருதிய உறுப்பு, இருளின் நீளத்தை உடலுக்கு அறிவிக்கும் உறுப்பு என்று அப்போது தெரிந்தது.

அறிவிப்பை எடுத்துச் செல்லும் பொருளான மெலற்றோனினை 1958இல் யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஏரன் லேர்னரும் அவருடைய குழுவினரும் மாட்டுப் பீனியல்களிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். அவர் தேடியது தோலின் நிறத்தை மாற்றும் ஒரு பொருளை. கிடைத்தது இரவின் ஓமோன்.

இருளை அந்தச் சுரப்பி எப்படி அறிகிறது? மீன், தவளை, பல்லி ஆகியவற்றில் பீனியல் தானே வெளிச்சத்தை உணரும். எலியின் பீனியல் கலங்களில் விழித்திரைக்குரிய சில புரதங்கள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. ஆனால் பார்க்கும் ஆற்றல் போய்விட்டது. ஆகவே கண்ணிடமிருந்து செய்தி வரவேண்டும். வரும் வழிதான் வியப்பானது. விழித்திரையிலிருந்து செய்தி, மூளையின் அடியில் ஐப்போதலமசிலுள்ள உயிர்க் கடிகாரத்துக்குப் போகிறது. அங்கிருந்து முண்ணாண் வழியாக மார்பு மட்டம் வரை இறங்குகிறது. பிறகு வெளியே வந்து, கழுத்தில் இருக்கும் மேற்கழுத்துத் திரட்டுக்கு ஏறி, குருதிக்கலன்களைப் பற்றிக்கொண்டு மீண்டும் தலைக்குள் நுழைந்து பீனியலை அடைகிறது. அடுத்த அறையில் இருப்பவருக்குச் செய்தி சொல்லப் படலையைத் தாண்டி, ஒழுங்கையைச் சுற்றி, பின்வளவு வழியாக வருவது போன்றது இது. எலியின் பீனியலுக்கு நரம்பு கழுத்துத் திரட்டிலிருந்தே வருகிறது என்பதை 1960இல் ஒல்லாந்து நாட்டு உடற்கூற்றியலாளர் அரியன்ஸ் கப்பர்ஸ் காட்டினார். அந்த நரம்பு நுனிகள் இரவில் வெளிவிடும் நோரதிரினலின் பற்றிய ஆய்வுகளுக்காகவே யூலியஸ் அக்செல்றொட் 1970இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரவில் எலியின் பீனியலில் மெலற்றோனினை ஆக்கும் நொதியம் பகலிலும் பார்க்கப் பல பத்து மடங்கு உயர்கிறது. நள்ளிரவில் விளக்கைப் போட்டால் சில நிமிடங்களில் அது வீழ்ந்துவிடுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மெலற்றோனினை "நித்திரை ஓமோன்" என்று விளம்பரங்களில் சொல்கிறார்கள். எலி இரவில் நித்திரை கொள்வதில்லை. இரவில்தான் ஓடித் திரிகிறது. அதற்கும் இரவில்தான் மெலற்றோனின் சுரக்கிறது. எமது வேப்ப மரத்து அணில் பகலுயிர். இரவில் பொந்தில் அடங்கிவிடும். அதன் நெருங்கிய உறவான வட இந்திய ஐந்துவரி அணிலைப் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். அதிலும் இரவில்தான் சுரக்கிறது. அப்படியானால் மெலற்றோனின் "படு" என்றும் சொல்லவில்லை, "எழும்பு" என்றும் சொல்லவில்லை. "இப்போது இருள், இவ்வளவு நேரமாக இருள்" என்று மட்டும் சொல்கிறது. அதைக் கேட்டு என்ன செய்வதென்று தீர்மானிப்பது அந்தந்த உயிரினம். நீண்ட இரவின் செய்தி ஹம்ஸ்ரரின் இனப்பெருக்கத்தை நிறுத்துகிறது; அதே செய்தி செம்மறி ஆட்டின் இனப்பெருக்கத்தைத் தொடக்குகிறது.

பெண்கள் கல்லூரி ஒன்றில் சொல்லவேண்டிய இன்னொரு செய்தி உண்டு. குளிர்காலத்தில் வெண்ணிற உரோமம் பூணும் சைபீரிய ஹம்ஸ்ரரில், தாயின் மெலற்றோனின் சூல்வித்தகத்தைக் கடந்து வயிற்றிலுள்ள குட்டியை அடைகிறது. பகல் நீண்டுகொண்டு போகிறதா, குறுகிக்கொண்டு வருகிறதா என்பதைக் குட்டி பிறக்குமுன்பே தாயிடமிருந்து அறிந்துகொள்கிறது. அதற்கேற்பவே பிறந்தபின் விரைந்து பருவமடைவதா, அடுத்த வசந்தம் வரை காத்திருப்பதா என்பது அமைகிறது. பகல் ஒருபோதும் தெரியாத இடத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தாய் கொடுக்கும் முதலாவது நாட்காட்டி அது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான வேறுபாடே உண்டு. ஆகவே இந்த நாட்காட்டியின் அவசியம் எமக்கு எளிதில் புலப்படுவதில்லை. ஆய்வுகூடப் பொன்னிற ஹம்ஸ்ரர்களின் மூதாதையரை 1930இல் பிடித்த அலெப்போவில் அந்த வேறுபாடு ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம்.

இறுதியாகச் சுண்டெலி. உலகின் ஆய்வுகூடங்களில் அதிகம் பயன்படுவது கறுப்பு நிற உள்ளினச் சுண்டெலி ஒன்று. அதன் தலையைத் திறந்தால் பீனியல் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. வெட்டுமுகத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கலங்களும் இருக்கின்றன. ஆனால் மெலற்றோனின் ஏறத்தாழ இல்லை. பரம்பரையலகில் ஏற்பட்ட மாற்றங்களால் அதனை ஆக்கும் நொதியங்கள் பழுதாகியிருப்பது 1986இலும் அதன் பின்னரும் தெரியவந்தது. என் வெள்ளை எலியில் சுரப்பி இருந்தது, நான் இல்லை என்று எழுதினேன். இந்தச் சுண்டெலியிலோ சுரப்பியைக் காண்பவர் தொழிலும் இருக்கிறது என்று எழுதிவிடக்கூடும். இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

இதை ஏன் இங்கு சொல்கிறேன்? இந்த மண்டபத்தில் இரவுக் கடமை செய்யும் தாதியர் பலர் இருக்கிறீர்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், உயிர்க் கடிகாரத்தைக் குலைக்கும் சுழற்சிமுறை வேலையை 2007இலும், இரவுநேர வேலையை 2019இலும் "பெரும்பாலும் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியது" என்ற பிரிவில் வைத்தது. செய்தியைப் பார்த்துப் பயந்து எனக்கு அழைத்தவர்களும் உண்டு. அந்தப் பிரிவு சான்றின் வலிமையைச் சொல்கிறது. ஒருவருக்கு ஆபத்து எவ்வளவு என்று சொல்லவில்லை. சான்றில் ஒரு பகுதி கொறிணிகளிடமிருந்து வந்தது. எந்தக் கொறிணி, இரவுயிரா பகலுயிரா, மெலற்றோனின் சுரக்கும் இனமா இல்லாததா என்று கேட்காமல் அதை எம்மீது அப்படியே பொருத்தக்கூடாது. அதேவேளை தட்டிக்கழிக்கவும் கூடாது. பிரகாசமான வெளிச்சம் மனிதரிலும் இரவு மெலற்றோனினை அடக்குகிறது என்பது 1980இல் மனிதரிலேயே காட்டப்பட்டது. ஆகவே தாதியருக்குப் பயமுறுத்தல் தேவையில்லை. நியாயமான கடமைச் சுழற்சியும், வேலை முடிந்த பகலில் இருண்ட, அமைதியான ஓர் அறையும் தேவை. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

உயர்தர மாணவிகளுக்கும் ஒன்று. கைத்தொலைபேசியை முகத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டு விடியும்வரை படிக்கிறீர்கள். பின்னர் நித்திரை வரவில்லை என்று குளிசை தேடுகிறீர்கள். மெலற்றோனின் குளிசை சில நாடுகளில் கடையில் கிடைக்கிறது. வேறு சில நாடுகளில் மருத்துவர் எழுதினால்தான் கிடைக்கும். அது நேரத்தைச் சொல்லும் ஓமோன். நேரம் தவறிப் போட்டால் உடலுக்குத் தவறான நேரத்தைச் சொல்லும். மருத்துவரைக் கேளாமல் போடாதீர்கள். முதலில் விளக்கை அணைத்துப் பாருங்கள்.

இருளைப் புகழ்ந்து பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். 1990களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பல்கலைக்கழகம் சென்ற தலைமுறையும் இங்கே இருக்கிறது. அந்த இருள் நாம் கேட்டு வந்ததல்ல. அது மெலற்றோனினுக்கு நல்லது என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அணைப்பதற்கு விளக்கு இருப்பவருக்கே நான் சொன்ன அறிவுரை.

அந்த முதல் மண்டையோட்டு மூடியை ஒரு சிறிய போத்தலில் இட்டுப் பெற்றோர் வீட்டு அலுமாரியில் வைத்திருந்தேன். 1995 இடப்பெயர்வோடு அது போயிற்று. ரீச்சருக்கு அதைக் காட்டவேண்டும் என்று நினைத்திருந்தேன், அதுவும் நடக்கவில்லை. இன்று கல்லூரி ஆய்வுகூடத்துக்கு எலி, ஹம்ஸ்ரர், கினிப்பன்றி ஆகியவற்றின் பீனியல் வெட்டுமுகங்கள் கொண்ட ஒரு பெட்டியை அதிபரிடம் கையளிக்கிறேன். அதில் நான் பெயர்களை மட்டும் எழுதியிருக்கிறேன். படம் எதுவும் வைக்கவில்லை. படத்தை நீங்கள்தான் கீறவேண்டும்.